பத்திரத்தில் இல்லாத பாதை

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பர்லிங்டன் என்றொரு ஊர். அங்கே சாம்ப்ளேன் ஏரிக்கரையை ஒட்டிய ஒரு வீட்டுக்குக் கார் வந்துபோகும் வழியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு சைக்கிள் பாதை போடப்பட்டது. அகலம் 8 அடி. வெயில் அடிக்கும் வார இறுதி நாட்களில் மணிக்கு 200 பேர் வரை அதில் போனார்கள். நடப்பவர்கள், ஸ்கேட்டிங் போகிறவர்கள், சைக்கிள்காரர்கள். சிலர் பாதையை விட்டு இறங்கி வீட்டு முற்றத்துக்குள்ளும் வந்தார்கள். ஒருமுறை வீட்டுக்காரர் பாதையைக் கடக்கும்போது சைக்கிள் ஒன்று அவர்மேல் ஏறாத குறை. பாதையும் கார் வழியும் சந்திக்கும் இடத்தில் நகராட்சி இரண்டு ‘நில்’ பலகைகளை நட்டுவைத்தது. இவ்வளவும் நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கின்றன.

தினமும் சைக்கிளில் போகிறவன் என்பதால் இந்தக் காட்சியில் என் கண்ணுக்கு முதலில் படுவது பாதைதான். லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஒதுங்கி ஒதுங்கியே ஓட்டிப் பழகியவனுக்கு, தனக்கென்று ஒரு வழி கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லிப் புரியவைக்க முடியாது. பள்ளிக்குப் பிள்ளையைத் தனியாகச் சைக்கிளில் அனுப்பும் தைரியம் பெற்றோருக்கு வருவது அப்படிப்பட்ட வழிகள் இருக்கும் ஊரில்தான். ஆனால் அந்த வீட்டுக்காரரின் வாசலில் நின்று பார்த்தால்? அவர் நிலத்தை விற்கவில்லை, எதிலும் கையெழுத்துப் போடவில்லை, ஒரு காசும் வாங்கவில்லை. இருந்தும் அவர் மண்ணின் வழியாக ஊரே போகத் தொடங்கிவிட்டது.

நில உரிமையாளர்கள் சுயநலக்காரர்கள் என்று சைக்கிள்காரர்கள் சொல்வதும், சைக்கிள்காரர்கள் அத்துமீறுகிறார்கள் என்று உரிமையாளர்கள் சொல்வதும் பல நாடுகளில் கேட்கிற பேச்சு. இந்தப் பேச்சு எந்தத் தகராறையும் தீர்த்ததில்லை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதை வேண்டும். அதற்காக நிலம் எடுக்கும் அதிகாரமும் அரசுக்கு வேண்டும். ஆனால் அந்த நிலத்தின் விலையை ஊர் முழுக்கச் சேர்ந்துதான் கொடுக்கவேண்டும், வழியில் வீடு இருந்த பாவத்துக்காக ஒரே ஒருவர் தலையில் கட்டக்கூடாது.

முதலில், நிலம் எடுக்கும் அதிகாரம் ஏன் வேண்டும் என்பது. பூங்கா அமைக்க ஓரிடத்தில் நிலம் கிடைக்காவிட்டால் இன்னோரிடத்தில் வாங்கிக்கொள்ளலாம். பாதையை அப்படிச் செய்ய முடியாது. 10 கிலோமீட்டர் பாதையில் நடுவே 100 மீட்டர் அறுந்துபோனால் 9.9 கிலோமீட்டர் கிடைத்துவிட்டது என்று கணக்குப் போட முடியுமா? அந்த 100 மீட்டருக்காக வேகமாக வண்டிகள் ஓடும் சாலையில் ஏறியாக வேண்டும் என்றால், சிறுவர்களும் வயதானவர்களும் வீட்டிலிருந்து சைக்கிளை வெளியே எடுக்கவே மாட்டார்கள். அதனால் வழியில் இருக்கும் 50 உரிமையாளர்களில் 49 பேர் சம்மதித்தாலும், மறுக்கிற ஒருவர் கையில்தான் மொத்தப் பாதையும் இருக்கிறது. அவருக்கு உண்மையான காரணம் இருக்கலாம், அல்லது பத்து மடங்கு விலைக்காகக் காத்திருக்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ரயிலுக்கும் கால்வாய்க்கும் இதே சிக்கல் இருந்தது. பொதுத் தேவைக்குக் கட்டாயமாக நிலம் எடுக்கும் அதிகாரம் அதனால்தான் தவிர்க்க முடியாததாகிறது.

அந்த அதிகாரத்துக்குக் கடிவாளமும் பழையதுதான். நியாயமான இழப்பீடு தராமல் தனியார் சொத்தைப் பொதுப் பயனுக்கு எடுக்கக்கூடாது என்கிறது 1791-இல் சேர்க்கப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாவது திருத்தம். பிரான்சின் 1789-ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனம் இன்னும் ஒரு படி மேலே போய், இழப்பீடு நியாயமானதாகவும் முன்கூட்டியே தரப்படுவதாகவும் இருக்கவேண்டும் என்று எழுதிவைத்தது. ‘முன்கூட்டியே’ என்ற அந்தச் சொல்லுக்கு எவ்வளவு கனம் என்பதைப் பர்லிங்டன் வழக்கு நமக்குக் காட்டும்.

அதற்குள் போவதற்குமுன் வழிப்பாத்தியம் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். ‘சொந்தம்’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் பல உரிமைகள் கட்டாக இருக்கின்றன: குடியிருக்க, பயிர் வைக்க, விற்க, அடகு வைக்க, பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுக்க, அந்நியரை உள்ளே விடாமல் இருக்க. கட்டைப் பிரித்து ஒன்றை மட்டும் எடுத்துக் கொடுக்கலாம். ‘நிலம் என்னுடையதுதான், ஆனால் இதன் ஓரமாக நீ போய்வரலாம்’ என்று எழுதிக்கொடுத்தால் அது வழிப்பாத்தியம். நம் கிரயப் பத்திரங்களில் நடைபாதை பாத்தியம் என்றும் வண்டிப்பாதை பாத்தியம் என்றும் தனித்தனியாக எழுதுவது சும்மா இல்லை. நடக்கக் கொடுத்தவர் வண்டிக்கும் சேர்த்துக் கொடுத்ததாக ஆகாது. சைக்கிள் பாதைத் தகராறுகள் பலவற்றில் நிலம் யாருடையது என்பதில் சண்டையே இருக்காது. பாத்தியம் எதற்காகக் கொடுத்தது, எவ்வளவு அகலத்துக்கு, எப்போது முடிகிறது என்பதில்தான் சண்டை.

பர்லிங்டனில் நடந்ததும் அதுவே. அந்த ஏரிக்கரைத் துண்டு நிலத்தில் 1899-இல் ரயில் பாதை வந்தது. 1970-இல் ரயில் நின்றது, 1975-இல் தண்டவாளங்களைப் பிடுங்கி எடுத்துப் போனார்கள். அமெரிக்கா முழுவதும் அதே கதைதான் நடந்துகொண்டிருந்தது. 1920-இல் உச்சத்தில் இருந்தபோது அந்நாட்டு ரயில் பாதைகளின் நீளம் 2,72,000 மைல். 1990 வாக்கில் பயன்பாட்டில் இருந்தது சுமார் 1,41,000 மைல். கைவிடப்பட்ட ரயில் தடம் சைக்கிளுக்கு வைத்துச் செய்தது போன்றது. ஏற்ற இறக்கம் குறைவு, வளைவுகள் மென்மையானவை, ஆற்றுக்குப் பாலம் ஏற்கெனவே இருக்கும். ஊரையும் ஊரையும் நேராக இணைக்கும். விஸ்கான்சின் மாநிலத்தின் எல்ராய்–ஸ்பார்ட்டா பாதை 1960-களிலேயே இப்படி உருவானது.

1983-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு வழி கண்டுபிடித்தது. ரயில் நின்றுபோன தடத்தை ‘பிற்காலத்தில் ரயில் திரும்ப வரலாம்’ என்று சேமித்து வைப்பது, அதுவரை நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் திறந்துவிடுவது, சட்டத்தின் கண்ணில் தடம் கைவிடப்பட்டதாக ஆகாது என்று அறிவிப்பது. இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. பல இடங்களில் ரயில் கம்பெனி நிலத்தைக் கிரயம் வாங்கவில்லை, ரயில் விடுவதற்கான பாத்தியம் மட்டுமே பெற்றிருந்தது. ரயில் நின்று தடமும் கைவிடப்பட்டால் பாத்தியம் முடிந்து நிலம் முழுதாக உரிமையாளருக்கே திரும்பவேண்டும். புதுச் சட்டம் அந்தத் திரும்புதலைத் தடுத்து நிறுத்தியது.

பர்லிங்டன் வீட்டுக்காரர்கள் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1990-இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள்: சட்டம் செல்லும், பாதை இருக்கலாம். உங்கள் சொத்து எடுக்கப்பட்டது என்றால் மத்திய அரசிடம் இழப்பீடு கேட்டு வழக்குப் போடுங்கள். போட்டார்கள். 1996-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 1899-இல் கொடுக்கப்பட்டது ரயிலுக்கான பாத்தியம்தான். துண்டுகளில் ஒன்றுக்கான பத்திரம் மேலோட்டமாகப் படித்தால் முழுக் கிரயம் போலவே இருந்தது. ஆனால் ரயில் கம்பெனி கட்டாயமாக நிலம் எடுக்கும் அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுதி வாங்கியது அது, ரயிலுக்குத் தேவையான பாத்தியத்துக்கு மேல் அதில் எதுவும் கைமாறவில்லை என்றது நீதிமன்றம். பொழுதுபோக்குப் பாதை என்பது ரயில் அல்ல. அதோடு தண்டவாளத்தைப் பிடுங்கிய 1975-லேயே பாத்தியம் முடிந்துவிட்டது. ஆகவே அரசு பணம் தரவேண்டும்.

இந்தத் தீர்ப்பு எனக்கு மிகவும் பிடித்தமானது. பாதையை யாரும் மூடச் சொல்லவில்லை. வீட்டுக்காரரையும் ‘ஊருக்காகப் பொறுத்துக்கொள்’ என்று அனுப்பிவிடவில்லை. ஆனால் காலக்கணக்கைப் பாருங்கள். தண்டவாளம் போனதற்கும் அரசு பொறுப்பாளி என்று முடிவானதற்கும் நடுவே 21 ஆண்டுகள். அத்தனை ஆண்டு வழக்காட வசதியும் மனத்திடமும் உள்ளவருக்கு மட்டும் கிடைக்கிற இழப்பீட்டை முழு நியாயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாதை போட்டுத் திறப்பு விழா நடத்துவதற்கு முன்பே பத்திரங்களை ஒவ்வொன்றாகப் படித்து, யாருக்கு என்ன தரவேண்டும் என்று கணக்கு முடித்திருக்க வேண்டும்.

வயோமிங் மாநிலத்தின் ஃபாக்ஸ் பார்க் என்ற சிற்றூரில் நடந்த வழக்கில் அரசே பாத்தியத்தை மாற்றிப் படிக்கப் பார்த்தது. 1976-இல் அரசு ஒரு குடும்பத்துக்கு 83 ஏக்கர் நிலத்துக்குப் பட்டா கொடுத்தது. அதன் நடுவே, அரசு நிலத்தின் வழியே ரயில் விட அனுமதித்த 1875-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த ரயில் தடம், 200 அடி அகலத்தில், அரை மைல் நீளத்துக்குச் சற்றுக் குறைவாக. ரயில் கைவிடப்பட்டதும் அந்தத் தடம் தனக்கே திரும்பும் என்று அரசு வாதாடியது. 2014-இல் உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்று மறுத்துவிட்டது. அதற்குச் சொன்ன காரணம் எளியது: 1942-இல் வேறொரு வழக்கில், அந்தச் சட்டத்தின்கீழ் ரயில்களுக்குக் கிடைத்தது வெறும் பாத்தியம்தான் என்று வாதாடி வென்றது இதே அரசுதான். பாத்தியம் என்றால் அது முடிந்ததும் நிலத்துக்காரருக்குத்தான் போகும். அன்று ஒரு பேச்சு, இன்று ஒரு பேச்சு என்று இருக்க முடியாது. அப்பகுதி சைக்கிள் பாதைக்கு இது அடிதான். ஆனாலும் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். எழுதிக்கொடுத்த பட்டாவின் பொருளை அரசு தன் வசதிக்கு மாற்றலாம் என்றால், நாளைக்குப் பாதைக்காக வழிப்பாத்தியம் எழுதிக்கொடுக்க எந்த விவசாயி முன்வருவார்?

நகராட்சிகள் நிலம் பெறும் இன்னொரு வழி, கட்டட அனுமதி. உனக்கு அனுமதி வேண்டுமா, பாதைக்கு ஒரு துண்டு எழுதிக்கொடு என்பது. ஆரிகன் மாநிலத்தின் டைகார்ட் நகரில் குழாய், மின்சாமான்கள் விற்கும் கடை ஒன்று இருந்தது. 9,700 சதுர அடிக் கடையை 17,600 சதுர அடியாகப் பெரிதாக்கவும் கார் நிறுத்த 39 இடங்கள் அமைக்கவும் உரிமையாளர் அனுமதி கேட்டார். நிலத்தின் ஒரு மூலையில் ஃபேனோ ஓடை போகிறது. நகராட்சி இரண்டு நிபந்தனை போட்டது. ஓடையின் வெள்ளப் பகுதியை எழுதிக்கொடுக்க வேண்டும். அதை ஒட்டி 15 அடி அகலத் துண்டு ஒன்றை நடைபாதைக்கும் சைக்கிள் பாதைக்கும் தரவேண்டும். இரண்டும் சேர்ந்து மொத்த நிலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு.

நகராட்சியின் வாதத்தில் பொருள் இல்லாமல் இல்லை. கடை பெரிதானால் நாளொன்றுக்கு 435 வண்டிப் பயணங்கள் கூடும் என்று கணக்கிட்டார்கள். சைக்கிள் பாதை இருந்தால் அதில் கொஞ்சம் குறையலாம். நெரிசலை உண்டாக்குகிறவர் அதைக் குறைப்பதற்கும் உதவட்டும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 1994-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் நகராட்சிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நெரிசல் ‘குறையலாம்’ என்பது வேறு, ‘குறையும்’ என்பது வேறு என்றது. கேட்கிற நிலமும் கட்டடத்தால் வரும் பாதிப்பும் ஏறக்குறைய அளவொத்ததாக இருக்கவேண்டும், அதை நகராட்சிதான் காட்டவேண்டும் என்றது. துல்லியக் கணக்குத் தேவையில்லை, ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கவேண்டும்.

தீர்ப்பில் பலர் கவனிக்காமல் விடுகிற இன்னொரு கேள்வி எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. வெள்ளப் பகுதியில் கட்டடம் கட்டாதே என்று சொன்னால் போதுமே, அந்த இடத்தை ஊருக்கே ஏன் திறந்துவிடவேண்டும் என்று நீதிமன்றம் கேட்டது. கட்டாதே என்பது ஒன்று, எல்லாரையும் உள்ளே விடு என்பது வேறொன்று. முதலாவது நில உரிமையை வரம்புக்குள் வைக்கிறது. இரண்டாவது, ‘நீ வா, நீ வராதே’ என்று சொல்லும் உரிமையையே எடுத்துவிடுகிறது. நகரத் திட்டமிடுகிறவர்களின் வரைபடத்தில் இரண்டுமே ஒரே பச்சைக் கோடாகத்தான் இருக்கும். அங்கே குடியிருப்பவருக்கும் கடை வைத்திருப்பவருக்கும்தான் வித்தியாசம் தெரியும். அமெரிக்க நீதிமன்றம் இந்தத் திசையில் மேலும் இறுகியே வந்திருக்கிறது. வெளியாட்கள் ஆண்டில் 120 நாட்கள் வரை, நாளில் மூன்று மணி நேரம் மட்டும் உள்ளே வரலாம் என்ற விதிகூடச் சொத்தை எடுப்பதுதான் என்று 2021-இல் ஒரு பண்ணை வழக்கில் சொன்னது. அளவொத்த நிபந்தனை என்ற விதி, அதிகாரி தனித்தனியாகப் போடும் நிபந்தனைகளுக்கு மட்டுமல்ல, சட்டம் இயற்றும் அவைகள் விதியாகக் கொண்டுவருபவற்றுக்கும் பொருந்தும் என்று 2024-இல் சொன்னது.

இங்கிலாந்தின் வழி வேறு. அங்கே 1980 நெடுஞ்சாலைச் சட்டத்தின்படி, மக்கள் ஒரு வழியை யாரும் தடுக்காமல், தங்களுக்கு உரிமை இருப்பதுபோலவே, 20 ஆண்டுகள் முழுதாகப் பயன்படுத்தினால் அது பொதுவழியாக எழுதிக்கொடுக்கப்பட்டதாகவே கருதப்படும். பாதை நடந்து நடந்தே உருவாகிறது என்பது அழகான எண்ணம்தான். ஆனால் அதன் விளைவையும் பார்க்கவேண்டும். நல்ல மனத்தோடு ‘போகட்டும்’ என்று விட்டவர் 20 ஆண்டு கழித்து உரிமையை இழக்கிறார். கறாராகப் பலகை வைத்தவரும், ஆண்டுக்கு ஒரு நாள் கதவைப் பூட்டியவரும் தப்பிக்கிறார்கள். பெருந்தன்மைக்குத் தண்டனையாக முடிகிற விதி, ஒருவரைப் பார்த்து மற்றவர் வேலி போடத்தான் வைக்கும்.

அங்கே சைக்கிளுக்கு இன்னொரு தடையும் உண்டு. 1888-லேயே சட்டம் சைக்கிளை வண்டி என்று வகைப்படுத்திவிட்டது. ஆகவே நடைபாதைப் பாத்தியத்தில் அதற்கு இடம் இல்லை. 1968 நாட்டுப்புறச் சட்டம்தான் குதிரை போகும் வழிகளில் சைக்கிளையும் அனுமதித்தது. நடப்பவருக்கும் குதிரைக்காரருக்கும் வழிவிடவேண்டும் என்ற நிபந்தனையோடு. சைக்கிளுக்கு வசதியாக அந்த வழியைச் சீர்படுத்தித் தரும் கடமை யாருக்கும் கிடையாது என்றும் அதே சட்டம் சொல்லிவிட்டது. சேறு நிறைந்த வழியில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகும் உரிமை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

ஸ்காட்லாந்தும் ஸ்வீடனும் வேறு இடத்திலிருந்து தொடங்குகின்றன. அங்கே நிலத்துக்குச் சொந்தக்காரர் என்பதாலேயே பிறரை முழுதும் விலக்கும் உரிமை வந்துவிடுவதில்லை. 2003-ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் பெரும்பாலான நிலங்களைக் கடக்கலாம் என்கிறது. நடந்தும் போகலாம், சைக்கிளிலும் போகலாம், மோட்டார் வண்டி மட்டும் கூடாது. வீட்டைச் சுற்றி அந்தரங்கத்துக்குத் தேவையான அளவு இடமும், பயிர் நிற்கும் வயலும் விலக்கு. ஸ்வீடனில் இது காலங்காலமான வழக்கம், 1994 முதல் அரசியலமைப்பிலும் இடம்பெற்றிருக்கிறது. அங்கே இழப்பீட்டுப் பேச்சே எழுவதில்லை, ஏனென்றால் புதிதாக எதுவும் எடுக்கப்படவில்லை. ஆனால் கடக்கும் உரிமை வேறு, தளம் போட்டு, விளக்கு வைத்து, மணிக்கு 200 பேர் போகிற பாதை வேறு. காட்டோரம் எப்போதாவது ஒருவர் சைக்கிளில் போவதைப் பொறுக்கும் சட்டம், தார் ஊற்றும் உரிமையைத் தானாகக் கொடுத்துவிடுவதில்லை. அதற்கு அங்கும் உரிமையாளரோடு உட்கார்ந்து பேசித்தான் ஆகவேண்டும்.

நகரத் தெருக்களுக்கு வந்தால் நான் மறுபக்கம் சாய்வேன். சாலையோரத்தில் சைக்கிள் தடம் போட்டால் கடைக்கு முன்னால் கார் நிறுத்தும் இடம் போய்விடும் என்று எதிர்ப்பு வரும், அதைச் சொத்துரிமை என்றே பேசுவார்கள். கடைக்குள் போய்வர வழி இருக்கவேண்டும் என்பது உரிமை. கடைக்கு முன்னால் இருக்கும் பொதுச் சாலையில் கார் நிற்கவேண்டும் என்பது பழக்கம். முப்பது ஆண்டுப் பழக்கமாக இருந்தாலும் அந்தச் சாலை ஊருடையது. சரக்கு இறக்க இடமும் நேரமும் ஒதுக்கிக் கொடுப்பது நகராட்சியின் கடமை, அதைத் தவறவிட்டால் கடைக்காரர் கோபப்படுவதில் நியாயம் உண்டு. அதற்கு மேல் இழப்பீடு கேட்பதில் இல்லை. தன் நிலத்துக்கு விலை கேட்பவரையும் ஊர் நிலத்துக்கு விலை கேட்பவரையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது.

உரிமையாளர்கள் மறுப்பதற்குப் பணம் மட்டும் காரணமல்ல. யாராவது விழுந்து கையை உடைத்துக்கொண்டால் என்மேல் வழக்கு வருமா என்பதுதான் பலரின் முதல் கேள்வி. இதற்குத் தீர்வு ஏற்கெனவே இருக்கிறது. கட்டணம் வாங்காமல் பொழுதுபோக்குக்கு நிலத்தைத் திறந்துவிடுகிறவரின் பொறுப்பைக் குறைக்கும் மாதிரிச் சட்டம் ஒன்று 1965-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. அங்கே பெரும்பாலான மாநிலங்கள் இத்தகைய சட்டத்தை வைத்திருக்கின்றன. வேண்டுமென்றே ஆபத்து வைத்தால் ஒழிய உரிமையாளர் பொறுப்பல்ல. இது இல்லாத இடத்தில் உரிமையாளரிடம் நல்ல மனம் வைக்கச் சொல்வது, விபத்துக்கு நீயே பணம் கட்டு என்று சொல்வதற்குச் சமம்.

மற்றபடி எல்லாம் அடிக்கணக்கில் தீர்க்கவேண்டிய விஷயங்கள். பழைய ரயில் தடம் பெரும்பாலும் மேடாக இருக்கும். தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் சைக்கிளில் உட்கார்ந்து வருகிறவரின் கண், சாதாரண வேலியைத் தாண்டி நேராகப் படுக்கையறை ஜன்னலில் போய் விழும். தரைமட்டத்தில் இருந்து வரைபடம் பார்க்கிற பொறியாளருக்கு இது தெரியாது. வீட்டுக்காரர் காலையில் திரையை விலக்கும்போது தெரியும். உயரமான சுவர் எழுப்பினால் பாதை சுரங்கம்போல ஆகி, இருட்டிய பிறகு பெண்கள் அதில் போகத் தயங்குவார்கள். ஜன்னல் இருக்கும் இடத்தில் மட்டும் அடர்ந்த செடிவேலி, மற்ற இடத்தில் ஊடுருவிப் பார்க்கக்கூடிய கம்பிவேலி என்று வைத்தால் இரண்டு பக்கமும் பிழைக்கும். பாதை வயலை இரண்டாகப் பிரித்தால் டிராக்டரும் மாடும் கடக்க எங்கே கதவு, அதன் சாவி யாரிடம், பாதைக்கு அடியில் தண்ணீர்க் குழாய் கொண்டுபோக இடம் விட்டிருக்கிறதா என்று எழுதிக்கொள்ள வேண்டும். கார் வழியைக் கடக்கும் இடத்தில் யார் யாருக்கு நிற்பது என்பதையும்தான். இவற்றைக் கேட்காமல் வந்து பாதை போட்டவர்களிடம்தான் உரிமையாளர்கள் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போகிறார்கள்.

டைகார்ட் வழக்கு கடைசியில் சமரசத்தில் முடிந்தது. நகராட்சி கடைக்காரர் தரப்புக்குச் சுமார் 15 லட்சம் டாலர் கொடுத்தது. அவ்வளவு பணத்தையும் அத்தனை ஆண்டுகளையும் செலவழித்த பிறகு, முதல் நாளே ‘இதற்கு என்ன விலை?’ என்று கேட்டு வாங்கியிருக்கக்கூடிய துண்டு நிலத்தில் பாதை வந்தது. இன்று ஃபேனோ ஓடைக்கரையில் சைக்கிள்கள் போய்க்கொண்டிருக்கின்றன.